ஒலிப்பதிவு மென்பொருளில் நிலையும் சுழற்சியும்

ஓவியத்தை ஒரே நோக்கில் முழுமையாகக் கண்டுவிடலாம். இசையை அங்ஙனம் கேட்டல் இயலாது. அது கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் மறைவது. மறைந்ததை மீட்டுக் கேட்கவேண்டும் என்னும் வேட்கையே ஒலிப்பதிவுக் கலைக்கு வித்தாயிற்று. பதிந்த இசையில் வேண்டிய இடத்துக்கு உடனே செல்லுதலும், வேண்டிய பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தலும் இன்று கணினியின் துணையால் இசை மாணவர்க்கு எளிதிற் கைகூடுகின்றன. எனினும், அவ்வசதியை முறையறிந்து கையாளாவிடின் அது பிழையையே மனத்தில் ஊன்றிவிடும். அஃது எவ்வாறென்பதை ஈண்டு நோக்குவாம்.

ஒரு பகுதியைச் சுழலவிடும் முறை கணினிக்கு முற்பட்டது. பிரான்சு நாட்டவரான பியர் ஷெஃபேர் 1948இல் இசைத்தட்டின் வரியொன்றைத் தன்னுள்ளேயே மூடச்செய்து, ஒரு சுற்றுக்குரிய ஒலியை இடையறாது ஒலிக்கச் செய்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றின் காலம் முக்கால் விநாடியிலும் சிறிதே மிகுந்ததாகும். பின்னர் காந்த நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினர். லூப் என்னும் பெயரின் பொருள் அவ்வளையமேயாம். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் எட்டு விநாடி இசைக்குப் பத்தடி நீள வளையம் வேண்டும். வெட்டும் கத்தி சற்றே பிசகினும் காலம் பிசகும்.

கணினியில் வெட்டுதலும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. ஒலியலையின் உயரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாக வைக்கப்படுகின்றது. இறுவட்டின் அளவுப்படி விநாடிக்கு 44,100 ஒலிமாதிரிகள் உண்டு. ஆகவே, இசையில் ஓரிடம் என்பது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மாதிரி என்னும் ஓர் எண்ணேயாகும். சுழற்சியோ அத்தகைய இரண்டு எண்கள்: இரண்டாவதை எட்டியதும் முதலாவதுக்குத் திரும்புக என்பதே கணினி பெறும் கட்டளை.

இதனை ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளைக்கொண்டு விளக்கலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது இது. இதிலே மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒலி தொடங்கவேண்டிய இடத்தைக் காட்டுவது கேர்சர். அக்கணத்தில் ஒலிக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு நகர்வது ஓடுகோடு. சுழற்சியின் இரு எல்லைகள் மூன்றாவது. இடைவெளிச் சாவியை அழுத்தி நிறுத்தினால் கேர்சர் பழைய இடத்திலேயே நிற்கும். எக்ஸ் எழுத்துச் சாவியால் நிறுத்தினால் ஒலி நின்ற இடத்துக்கே அதுவும் வந்துவிடும். முன்னையது ஒரே பகுதியைத் திரும்பக் கேட்பார்க்கும், பின்னையது பிழை நேர்ந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்க்கும் உதவும். 2021இல் வெளிவந்த 3.1ஆம் பதிப்பு முதல் எல் எழுத்துச் சாவி சுழற்சியை இயக்கவும் நிறுத்தவும் பயன்படுகின்றது.

இனிச் சுழற்சியின் நீளத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 70 தட்டு என்னும் காலப்பிரமாணத்தில் ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அஃதாவது எட்டுத் தட்டு, 302,400 மாதிரிகளைக் கொண்டது. விநாடியிற் கூறின் ஏறத்தாழ 6.857. மாணவன் ஒருவன் 6.85 போதுமெனக் கொண்டால், சுற்றொன்றுக்கு 315 மாதிரிகள் குறையும். அது விநாடியில் 140இல் ஒரு பங்கு, காதுக்குப் புலனாகாது. ஆயினும், அருகே தனியாக ஒரு தாளக்கருவி அதே 70இல் ஒலித்துக்கொண்டிருப்பின், 120 சுற்றுக்களில், பதினான்கு நிமிடத்துக்குள், சுழற்சி ஒரு முழுத் தட்டு முந்திவிடும். அமெரிக்க இசையாளரான ஸ்டீவ் ரைக் 1965இல், இரண்டு நாடா வளையங்கள் இவ்வாறு சிறிது சிறிதாக விலகுவதையே கருவாகக்கொண்டு ஒரு படைப்பை ஆக்கினார். அவர் வேண்டி ஆக்கியது கலையாயிற்று. தாளம் பயில்வான் அறியாது ஆக்குவது கேடாகும்.

நீளம் சரியாயினும் இடம் தவறலாம். பல கீர்த்தனைகள் அனாகத எடுப்பில், தாளம் தொடங்கியபின்னரே எழுகின்றன. சாகித்தியத்தின் முதற்சொல் எழும் இடத்தில் எல்லையை வைத்தால், அதனையே சமம் என மயங்கக் காது பழகிவிடும். எனவே எல்லை சமத்தில் அமைதல் வேண்டும். மேலும், கச்சேரியிற் பாடுவோர் கடிகாரம்போல் இயங்குவதில்லையாதலின், ஆங்குப் பதிந்த இசைக்கு மேற்கூறிய கணக்கு முற்றும் பொருந்தாது. அத்தகைய பதிவில், சமத்தில் விழும் மிருதங்கச் சொல் திரையில் செங்குத்தாக எழுவதைக் கண்டு, அதற்குச் சற்று முன்னே ஓர் எல்லையையும், அடுத்த சமத்துக்கு அதே அளவு முன்னே மற்றையதையும் வைப்பதே முறை.

சில வேளைகளில் சுழற்சி திரும்புந்தோறும் 'டக்' என்னும் ஓசை எழும். இறுதியில் அலை ஓர் உயரத்திலும் தொடக்கத்தில் வேறோர் உயரத்திலும் இருத்தலே அதற்குக் காரணம். வேண்டிய பகுதியைத் தெரிந்து இசட் எழுத்துச் சாவியை அழுத்தினால், இரு முனைகளும் அலை சுழியைக் கடக்கும் அண்மை இடங்களுக்கு நகரும். அதன்பின் அப்பகுதியைச் சுழற்சியாக்கலாம். ஆனால், முனைகள் நகர்ந்தால் நீளமும் சிறிது மாறும் என்பதை மறத்தலாகாது. தாளப்பயிற்சிக்கு நீளமே முதன்மை, ஓசையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடினமான ஒரு சங்கதியை மட்டும் சுழலவிட்டுப் பயில்வானுக்கு அதன் முடிவிலிருந்து அதன் தொடக்கத்துக்கே செல்லும் வழி பழகுகின்றது. பாட்டிலோ அவ்வழி இல்லை. முந்திய அடியிலிருந்தே அச்சங்கதிக்கு வரவேண்டும். தனியே பிழையின்றிப் பாடியவன் பாட்டினுள்ளே தடுமாறுவது பெரும்பாலும் இதனாலேயாம். ஆதலின், சுழற்சியை ஓர் ஆவர்த்தனம் முன்னே தொடங்கி ஓர் ஆவர்த்தனம் பின்னே முடித்தல் நலம். சங்கதி பிடிபட்டபின் எல் சாவியை அழுத்திச் சுழற்சியை நீக்கி, பாடலை முதலிலிருந்து பாடிப் பார்த்தல் இன்றியமையாதது.

கணினிக்குச் சமமும் தெரியாது, சங்கதியும் தெரியாது. கொடுத்த இரண்டு எண்களுக்கிடையே அது சலியாது சுழலும். அவ்வெண்கள் தவறாயின் தவறும் சலியாது சுழலும். ஆகையால் கையால் தாளமிட்டுச் சமத்தை உணர்ந்தபின்னரே எல்லையைக் குறித்தல் இசை பயில்வார்க்குக் கடனாகும்.