சிறப்புக் குழந்தைகளுக்கு டீச்சர் ஆகணுமா? பணம் கட்டும் முன் ஒரு நிமிஷம்!

ஆனி மாதம் பிறந்து, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று கேள்விப்பட்டால் எனக்குக் கால் நிற்காது. இந்த முறையும் தென்காசியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன். மறுநாள் ஐந்தருவிக்குக் கிளம்புகிற நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு நோட்டீஸோடு வந்து நின்றாள். குற்றாலத்தில் காலேஜ் போய் டிகிரி முடித்த பெண்.

"சித்தி, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. திங்கக்கிழமைதான் கடைசி நாளாம். அம்மா வளையலை வச்சுப் பணம் கட்டிரலாம்னு அப்பா சொல்லுதாங்க."

நோட்டீஸில், "ஒரே வருடத்தில் சிறப்புக் கல்வி டிப்ளமோ! வேலை நிச்சயம்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அவளுடைய தம்பிக்கு ஒன்பது வயது. மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பல் தேய்க்க, சட்டைப் பட்டன் போட, எல்லாவற்றுக்கும் அம்மாதான். "அவனை மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும் சித்தி. நம்ம ஊர்ல அதுக்கு ஆளே பத்தல" என்றாள். நல்ல மனசு. ஆனால் மனசு மட்டும் போதாதே!

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்காம்மா?"

"அப்படின்னா என்ன சித்தி?"

இந்தக் கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பெண்ணோ, டிகிரி முடித்த பையனோ இருக்கலாம். சிறப்புக் குழந்தையைப் பெற்ற நீங்களே படிக்க ஆசைப்படலாம். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.சி.ஐ. என்றால் என்ன?

டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி, ஊனமுற்றவர்களின் மறுவாழ்வுத் துறையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கவுன்சில் உண்டு. அதுதான் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். சுருக்கமாக ஆர்.சி.ஐ. 1986-ல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 1992-ல் தனிச் சட்டம் வந்து, 1993-ல் சட்டபூர்வமான அமைப்பானது.

சிறப்புக் கல்வி டிப்ளமோ, பி.எட்., எம்.எட். எதுவானாலும் பாடத்திட்டத்தை வகுப்பதும், எந்தக் கல்லூரி எந்தப் பிரிவை நடத்தலாம் என்று அனுமதி கொடுப்பதும் இந்தக் கவுன்சில்தான். படித்து முடித்தவர்கள் இதன் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். அப்போது ஒரு பதிவு எண் கிடைக்கும். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது. அந்த அளவுக்குப் பொறுப்பான வேலை இது.

அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் சர்டிபிகேட் கிடைக்கும், பதிவு எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் சிறப்பு ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும். வளையல் போனது போனதுதான்!

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு...

டி.எட். சிறப்புக் கல்வி என்ற டிப்ளமோ இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. பிளஸ் டூவில் பொதுவாக 50 சதவீத மார்க் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். சின்ன வகுப்புக் குழந்தைகளோடு வேலை செய்ய இது ஏற்ற படிப்பு. வீட்டு நிலைமையால் மூன்று வருடம் காலேஜ் போக முடியாதவர்களுக்கும், திருமணத்துக்குப் பிறகு படிக்க நினைக்கிற பெண்களுக்கும் நல்ல வழி.

பிளஸ் டூவுக்குப் பிறகு டிகிரியும் சிறப்பு பி.எட்.டும் சேர்ந்த நாலு வருடப் படிப்பு ஒன்று முன்பு இருந்தது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அதை நிறுத்துவதாக ஆர்.சி.ஐ. 2024 ஜனவரியில் அறிவித்துவிட்டது. பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு யாராவது அட்மிஷன் பேசினால் உஷார்!

டிகிரி முடித்தவர்களுக்கு...

பி.எட். சிறப்புக் கல்வி. 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு. டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியில் இரண்டரை வருடப் படிப்பாக இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நடத்தியிருக்கிறது. ஆனால் இதிலும் நேரடி வகுப்பு, பள்ளியில் செய்முறைப் பயிற்சி எல்லாம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே புத்தகத்தைப் படித்துப் பாஸாகிற சமாசாரம் இல்லை.

"நான் சாதாரண பி.எட். முடிச்சிருக்கேனே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அதோடு சிறப்புக் கல்வியில் தனியாக டிப்ளமோவோ பி.எட்.டோ வேண்டும். இதற்கு மேலே போக விரும்பினால் எம்.எட். சிறப்புக் கல்வி, அப்புறம் ஆராய்ச்சி. நாளைக்கு ஆசிரியர்களுக்கே ஆசிரியராக ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பாதையில் போகலாம்.

வெளிநாட்டில் எப்படி? பிரிட்டனில் முதலில் பொது ஆசிரியர் தகுதி, அதற்குப் பிறகுதான் சிறப்புப் பயிற்சி. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. இங்கே வாங்கிய பட்டம் அங்கே அப்படியே செல்லாது. மாப்பிள்ளை வெளிநாடு என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

எந்தப் பிரிவு எடுப்பது?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "எதுல சீட் கிடைக்குதோ அதுல சேந்துக்கலாம்" என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு தொழில்.

அறிவுசார் குறைபாடு: ஒரு சின்ன வேலையைப் பல படிகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதுதான் இங்கே முக்கியம். பல் தேய்ப்பது நமக்கு ஒரே வேலை. அந்தக் குழந்தைக்கோ அது பத்துப் பதினைந்து வேலை. பிரஷ்ஷை எடுப்பது ஒன்று, பேஸ்ட் மூடியைத் திறப்பது ஒன்று, வாய் கொப்பளிப்பது ஒன்று. ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும்.

காது கேளாமை: காது மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கத் தெரிய வேண்டும். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லி, குழந்தைக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிப்பார்கள். பேச்சுப் பயிற்சி, சைகை மொழி இரண்டும் கற்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு: ஆறு புள்ளிகளில் எல்லா எழுத்தையும் அடக்கிய பிரெய்ல், வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கும் பயிற்சி எல்லாம் இதில் வரும்.

கற்றல் குறைபாடு: புத்திசாலிப் பிள்ளைதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. 'சோம்பேறி' என்று திட்டு வாங்கியே நொந்து போயிருக்கும். அதற்கு வேறு மாதிரிக் கற்றுக் கொடுக்கும் முறைகள் இருக்கின்றன.

இவை தவிர ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒரு கல்லூரிக்கு ஒரு பிரிவில் அனுமதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கல்லூரிக்கு அனுமதி உண்டா என்று கேட்டால் மட்டும் பத்தாது. நீங்கள் சேருகிற அதே பிரிவுக்கு, அதே வருடத்துக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

எங்கே படிக்கலாம்?

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-ல் தொடங்கியது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம், பெண்களுக்கு அதே கோவையில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன.

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இதில் நீண்ட சரித்திரம் உண்டு. பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்வையற்றோர் பள்ளியும், காது கேளாதோர் பள்ளியும் தோன்றிவிட்டன. காது கேளாதோர் பள்ளியை 1897-ல் தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது.

தென்காசிக்காரர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் ஆய்க்குடி. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய் வருகிற பலர் அமர் சேவா சங்கத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படைத் தேர்வில் தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சொந்த ஊருக்குத் திரும்பியவர், ஐ.நா. சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-ல் ஒரு சில குழந்தைகளோடு இதைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சையளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஆடிட்டர் எஸ். சங்கரராமன் 1992-ல் அவரோடு சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சிறப்புப் பள்ளி, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி, கிராமம் கிராமமாகப் போய்ச் செய்யும் வேலை என்று சங்கம் விரிந்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேருவதற்கு முன்பும் இது போன்ற ஓர் இடத்தில், அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலைக்கு உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று அந்த ஒரு நாளே சொல்லிவிடும்.

வேலை கிடைக்குமா?

தேவை நிறைய இருக்கிறது. 1995-ம் வருடச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ம் வருடச் சட்டம் அதை 21 ஆக்கியது. தொடக்கப் பள்ளியில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்குக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. எத்தனை பணியிடங்கள் என்று அறிவித்து நிரந்தரமாக நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்திலேயே காலம் தள்ளியவர்கள். தனியார் சிறப்புப் பள்ளிகளில் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். "வேலை நிச்சயம்" என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு விஷயம். பதிவு எண் ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன்...

1. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரிப் பட்டியலை நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

2. உங்கள் பிரிவு, உங்கள் கல்வியாண்டு இரண்டும் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

3. அங்கே போன வருடம் படித்த ஒருவரிடம் பேசுங்கள். "பதிவு எண் வந்ததா?" என்று கேளுங்கள்.

4. செய்முறைப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. மூன்று மாத, ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ்கள் பெற்றோருக்குப் பயன்படலாம். அவற்றால் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகிவிட முடியாது.

அந்தப் பெண் என் எதிரிலேயே நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். "ஆர்.சி.ஐ.க்கு அப்ளை பண்ணியிருக்கோம், சீக்கிரம் வந்துரும், நீங்க முதல்ல பணத்தைக் கட்டுங்க" என்று பதில் வந்தது. அவள் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. வளையல் திரும்ப பீரோவுக்குள் போய்விட்டது.

இப்போது அவள் பி.எட். சிறப்புக் கல்விக்கு, அறிவுசார் குறைபாடு பிரிவில், விண்ணப்பிக்கத் தயாராகிறாள். அதற்குள் சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு வேலை கொடுத்தேன். "தம்பி பல் தேய்க்கிறதப் படி படியாப் பிரிச்சு எழுதும்மா. எல்லாத்தையும் நீயே செஞ்சு, கடைசிப் படியை மட்டும் அவனுக்கு விடு. அது பழகினதும் அதுக்கு முந்தின படி" என்றேன்.

நான் ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "சித்தி, வாய் கொப்பளிக்கிறதத் தம்பி தானாவே செஞ்சுட்டான். அம்மா அழுதுட்டாங்க!"

படித்து முடித்துவிட்டு வரட்டும். தென்காசியில் அவளுக்காக எத்தனையோ தம்பிகள் காத்திருக்கிறார்கள்.