பட்டணமா, புறநகரா? – நாங்கள் வீடு வாங்கிய கதை

“கையில பணம் இருக்கு. பிடிச்ச வீட்டை வாங்கிட்டுப் போறதுதானே! இதுல என்ன இவ்வளவு யோசனை?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பணம் குறைவாக இருந்தால், கட்டுப்படியாகிற வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். தாராளமாக இருந்தால்தான் தொல்லையே! ஆளுக்கொரு ஆசை தலைதூக்கும். ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மாமனார் வழி நிலத்தை விற்ற பணம், எங்கள் சேமிப்பு, கொஞ்சம் வங்கிக் கடன், எல்லாம் சேர்த்து ரூ. 1.80 கோடி வரை போகலாம் என்று கணக்குப் போட்டோம்.

என் கணவருக்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீட்டின் மேல் கண். ஒரு கிரவுண்டு மனை, முன்னால் மாமரம், பின்னால் கிணறு, மூன்று படுக்கையறை. மாமியாருக்கோ மயிலாப்பூர்தான் வேண்டும். கபாலி கோயில் மணி காதில் விழ வேண்டும். அதே பணத்துக்கு அங்கே கிடைத்தது, மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத 950 சதுர அடிப் பழைய பிளாட். அம்மாவும் பிள்ளையும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், பெரியவளின் பழைய நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். விழித்திருக்கும் நேரத்தில் யார் எத்தனை மணி வீட்டில் இருக்கிறோம்? அவர் 4 மணி. பெரியவள் 6. சின்னவன் 9. மாமியாரும் நானும் 14 மணிக்கு மேல். அன்று இரவு நோட்டை அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“சரி, உனக்கு எது வேணும்?” என்றார்.

“தெரியலைங்க. இருந்து பார்த்துட்டுச் சொல்றேன்.”

பத்து நாள் பரீட்சை

நல்ல வேளை, என் நாத்தனார் வீடு முடிச்சூரில்தான். அவர்கள் குடும்பத்தோடு காசி யாத்திரை போன பத்து நாளும் நாங்கள் அங்கே போய் இருந்தோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் சொர்க்கம்தான்! காலையில் செம்போத்து கூவுகிறது. குழந்தைகள் சாயங்காலம் தெருவிலேயே ஓடி விளையாடி, எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறார்கள். துணி அரை மணியில் காய்ந்துவிடுகிறது. ‘இவர் சொன்னது சரிதான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாளிலிருந்துதான் சங்கதி புரிந்தது. கொத்தமல்லி வேண்டுமா? ஸ்கூட்டர். கண் சொட்டு மருந்தா? ஸ்கூட்டர். பெரியவளின் பாட்டு வகுப்பா? ஸ்கூட்டர். பத்து நாளில் மீட்டர் 140 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இல்லத்தரசியாகப் போனவள் டிரைவராகத் திரும்பினேன்! காலை பத்து மணிக்குமேல் தெருவில் எல்லாக் கேட்டும் சாத்தியிருக்கும். மாமியாருக்குப் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. “காலண்டரைப் பார்த்துட்டே எவ்வளவு நேரம்மா உட்கார்ந்திருக்கிறது?” என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மட்டும் இரண்டு இடமும் ஒன்றுதான். அலுவலகம் கிண்டியில். முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரை வண்டி, பிறகு மின்சார ரயில், மொத்தம் ஒரு மணி நேரம். மயிலாப்பூரிலிருந்து காலை நெரிசலில் பஸ்ஸில் போய்ப் பார்த்தார், 50 நிமிஷம்! வித்தியாசம் முழுக்க எங்கள் நாளில்தான் இருந்தது.

ஏழாம் நாள் இரவு அவர் வேலையாகப் பெங்களூர் போயிருந்தார். ஒரு மணிக்குச் சின்னவனுக்கு வீசிங் வந்துவிட்டது. மருந்து கொடுத்தும் மூச்சு அடங்கவில்லை. போனில் ஆட்டோ போட்டால் வருகிறேன் என்று சொல்லி இரண்டு பேர் ரத்து செய்துவிட்டார்கள். 108-க்குப் போன் செய்யலாம் என்று எடுப்பதற்குள், விளக்கெரிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்! ஆஸ்பத்திரி போய்ச் சேர 25 நிமிஷம். மடியில் குழந்தையின் விலா எலும்பு உள்வாங்கி உள்வாங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டு போன அந்த 25 நிமிஷத்தில், மாமரமும் கிணறும் எனக்கு மறந்தே போய்விட்டன.

நாத்தனார் திரும்பி வந்ததும், கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோட்டைக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் நின்ற அளவு அது. இரண்டு நாள் மாடியிலேயே இருந்தார்களாம். “இப்பவும் கார்த்திகை பிறந்தா அரிசி டிரம்மை மாடிக்கு ஏத்திடுவேன்” என்றார், சாதாரணமாக.

மயிலாப்பூரில் ஒரு பகல்

அடுத்தது மாமியாரின் முறை. தரகரிடம் சாவி வாங்கிக்கொண்டு, தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு, காலை பத்து முதல் நாலு வரை அந்தப் பிளாட்டில் போய் உட்கார்ந்தோம்.

கீழே இறங்கினால் என்ன இல்லை? மாட வீதியில் பச்சைக் காய்கறி, மருந்துக் கடை, டாக்டர், பூக்காரி, தையல்காரர், எல்லாம் பத்து நிமிஷ நடை. இரவு எந்நேரமானாலும் ஆட்டோ கிடைக்கும்.

ஆனால் வீட்டுக்குள்? பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டடத்தின் சுவர். படுக்கையறை மூலையில் ஈரம் கசிந்து பூஞ்சணம். வீசிங் வரும் குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 950 சதுர அடி என்றது பொதுப் படிக்கட்டையும் சேர்த்துத்தான்; உள்ளே அளந்தால் 720.

கடைசியில் முடிவைச் சொன்னவர் மாமியாரேதான். 54 படி. இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறியவர், மூன்றாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கோயில் கிட்டத்தான் இருக்கு. என் கால்தான் தூரமாப் போயிடுச்சு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வியே தப்பு!

அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் கேட்ட கேள்வியே தப்பு என்று. பட்டணமா, புறநகரா என்பதல்ல விஷயம். வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் என்னென்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம். ஊரும் மனிதர்களைப் போலத்தான். பழுக்கக் காலம் பிடிக்கும். முப்பது நாற்பது வருஷம் குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில் டாக்டரும் கடையும் கோயிலும் பள்ளியும் தாமாகவே வந்து சேர்ந்திருக்கும். இப்படிப் பழுத்த புறநகர்கள் சென்னையைச் சுற்றி எத்தனையோ உண்டு.

நாங்கள் நங்கநல்லூரைப் பார்த்தோம். ஒரு காலத்துப் புறநகர்தான். ஆலந்தூர் நகராட்சியில் இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை வந்த கதை தெரியுமோ? 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில வருஷங்களில், வீட்டுக்கு வீடு மக்களே முன்பணம் கட்டி உதவிய திட்டம் அது. செப்டிக் டேங்க் லாரியை மாதாமாதம் கூப்பிட்ட நாத்தனாரின் அவஸ்தையைப் பார்த்த எனக்கு, இது பெரிய நிம்மதி. ஒரு பக்கம் பழவந்தாங்கல் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் மெட்ரோ. மாமியாருக்கு ஆஞ்சநேயர் கோயில், நடந்து போகும் தூரத்தில்.

எட்டு வருஷப் பழைய பிளாட், முதல் மாடி, லிஃப்ட் உண்டு, 1,250 சதுர அடி, ரூ. 1.32 கோடி. தனி வீடும் இல்லை, மாட வீதியும் இல்லை. விமானச் சத்தம் வேறு! முதல் வாரம் சின்னவன் ஒவ்வொரு தடவையும் பால்கனிக்கு ஓடினான். ஆனால் கடன் வாங்காமலேயே முடிந்தது. கையிலும் கொஞ்சம் மிஞ்சியது. சகோதரிகளே, பணம் இருக்கிறது என்பதற்காக அத்தனையையும் சுவருக்குள் போட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் சுவரை உடைத்தா பணம் எடுக்க முடியும்?

பார்க்கும்போது கவனியுங்கள்

• ஒரே வீட்டை மூன்று வேளை பாருங்கள்: காலை எட்டு மணி, உச்சி வெயில், இரவு ஒன்பது மணி. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு தடவை.

• தண்ணீரைப் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், காய்கறி விற்கும் அம்மா, இவர்களிடம் கேளுங்கள். 2015-லும், 2023 டிசம்பர் புயல் மழையிலும் தண்ணீர் எவ்வளவு நின்றது? ஏரிகள் வற்றிப்போன 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா? 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, பெயருக்கு ஒரு குழாயா, நிஜமாகவே வேலை செய்கிறதா?

• இரவு ஒரு மணிக்குக் குழந்தைக்கு முடியவில்லை என்றால் எங்கே போவீர்கள், எதில் போவீர்கள்? ஒரு தடவை இரவில் போயே பாருங்கள்.

• குழந்தை, வயதானவர், இருவரையும் அழைத்துப் போங்கள். படி ஏறச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து, மூலையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

• அளவு நாடா கைப்பையில் இருக்கட்டும். சொல்லும் சதுர அடி வேறு, உள்ளே கிடைக்கும் இடம் வேறு. பிளாட் என்றால் நிலத்தில் உங்கள் பங்கு, அதாவது யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசாகும், நிலம் பழசாகாது.

• மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், வரி ரசீது, எல்லாவற்றையும் நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

• பழைய வீடு வாங்கும்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்களுக்கு அதுவே ஏறக்குறைய 12 லட்சம் ஆயிற்று! விலை ரூ. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்கு நாம் கட்ட வேண்டும். இதை மறந்தால் அபராதம் நம் தலையில்தான்.

இதனால் முடிச்சூரும் மயிலாப்பூரும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. நாத்தனாருக்கு அந்த வீடுதான் உயிர். அவர் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், அவரே கார் ஓட்டுகிறார், தோட்டத்தில் கத்தரிக்காய் காய்க்கிறது. அவருடைய நாளுக்கு அது பொருந்துகிறது. படி ஏறக் காலில் தெம்புள்ளவர்களுக்கு மயிலாப்பூரும் அப்படித்தான். உங்கள் நாள் எப்படி என்று நீங்கள்தான் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

என் கணவருக்குக் குறைதான். இல்லை என்று சொன்னால் பொய். மொட்டை மாடியில் ஒரு பெரிய தொட்டியில் மாங்கன்று வைத்திருக்கிறார். காய்க்குமோ, காய்க்காதோ! போன மாதம் ஒரு ராத்திரி சின்னவனுக்கு மறுபடி வீசிங் வந்தது. அவர் தூக்கிக்கொண்டார், நான் பையை எடுத்துக்கொண்டேன். தெருமுனை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விட்டோம், ஆறு நிமிஷம். திரும்பி வரும்போது அவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு நீ நோட்டைக் காட்டாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எனக்குப் புரிந்தது.