வாங்குபவரின் பக்கம் நின்ற பேராசிரியர்

வாணிபம் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்து கற்க வேண்டிய தொழில். அதைக் கல்லூரியில் கற்பிக்க என்ன இருக்கிறது? வணிகவியல் படித்த பிள்ளை, மேலும் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக விரும்புவதாகச் சொன்னால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி இதுதான். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், தியோடர் லெவிட்டின் வாழ்வை அறிந்தபின் நீங்களே விடை கூறுங்கள்.

1925-இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஹிட்லர் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறிய அக்குடும்பம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியேறியது. 1951-இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற லெவிட், 1959-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஆசிரியரானார். மறு ஆண்டே 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில், வணிகர்களின் கிட்டப்பார்வையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அதன் மறுபதிப்புகள் பல லட்சம் விற்றன.

அவர் கேட்டது எளிய கேள்வி. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் ஏன் நலிந்தன? பயணிகளும் சரக்கும் குறைந்ததாலா? இல்லை, இரண்டும் பெருகவே செய்தன. ஆனால் அவற்றைக் காரும் லாரியும் விமானமும் ஏற்றிச் சென்றன. ரயில் ஓட்டுவதே தம் தொழில் என்றிருந்தவர்கள், மக்களை ஊர் சேர்ப்பதே தம் தொழில் என உணரவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் கதையும் இத்தகையதே. வீட்டு விளக்குக்கு மண்ணெண்ணெய் விற்று வளர்ந்தவை அவை. எடிசனின் மின்விளக்கு வந்ததும் ஆட்டங்கண்டன. விளக்கேற்றிய இல்லத்தரசிக்கு வேண்டியிருந்தது வெளிச்சம்தானே! பின்னர் அவற்றைக் காப்பாற்றியது மோட்டார் கார்; அதைக் கண்டுபிடித்தவர்கள் எண்ணெய் வணிகர்கள் அல்லர்.

தலைமுறையாக ஒரே சரக்கை விற்றுவரும் குடும்பங்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கலாம்.

அவர் சொன்ன அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. உலக மக்களின் விருப்பங்கள் ஒன்றாகி வருகின்றன, ஒரே பொருளை எங்கும் மலிவாக விற்கலாம் என்று 1983-இல் எழுதினார். வாங்குபவரைப் பார் என்று போதித்தவர், அவருடைய அடுப்படியைப் பார்க்க மறந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1996-இல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸ், தன் பெயர்பெற்ற மாட்டிறைச்சி பர்கரை விட்டுவிட்டுத்தான் இங்கே கடை திறந்தது.

1985 முதல் 1989 வரை, தம்மைப் புகழேற்றிய அதே இதழுக்கு லெவிட் ஆசிரியராக இருந்தார். நெடிய கட்டுரைகளைச் சுருக்கினார், கேலிச்சித்திரங்களுக்கும் இடமளித்தார். அலுவல் நெருக்கடியில் இருக்கும் மேலாளரும் அதைப் புரட்டிப் படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 2006-இல் காலமானார். அவருடைய 1960-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் வணிகக் கல்லூரி வகுப்புகளில் படிக்கப்படுகிறது.