கொக்கி வழுக்குதா... வைஸை மாத்தணுமா? ஃப்ளை கட்டுறவங்க பர்ஸைத் திறக்கும் முன்!

இன்ஸ்டாவில் அந்த ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பளபளவென்று ஒரு உலோகக் கருவி, அதன் நுனியில் குட்டியூண்டு தூண்டில் முள். அதன்மேல் நூல் சுற்றுகிறது, சேவல் இறகு சுற்றுகிறது, நடுவில் கொஞ்சம் முயல் ரோமம்... அரை நிமிஷத்தில் முள் மறைந்து, அங்கே ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். அதுதான் 'ஃப்ளை'. புழுவுக்குப் பதிலாக இந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் விட்டு ட்ரவுட், சால்மன் மாதிரியான மீன்களைப் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்ததே, அந்தப் பளபளா கருவிக்குப் பெயர் வைஸ். ஆமாம், லேத் பட்டறையில் இரும்பைக் கவ்விக்கொண்டு நிற்குமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி!

இந்தப் பழக்கத்தின் தாய்வீடு பிரிட்டனும் அமெரிக்காவும். ஆனால், நம் ஊருக்குத் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. நீலகிரி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட், பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான். ஊட்டி பக்கம் அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஃப்ளைகளில் பலவும் இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் கட்டப்பட்டவை. எல்லாமே கைவேலை. இன்னொரு தொடர்பு கொஞ்சம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் புதிதாக ஃப்ளை கட்டக் கற்றுக்கொள்பவருக்குக் கிட் பெட்டியில் ஒரு மலிவு வைஸ் கிடைக்கும் இல்லையா? அவற்றில் நிறைய இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் செய்தவை. தாம்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 'மாடல் ஏ' என்ற பழைய வைஸைப் பார்த்துச் செய்த நகல்கள். "முதல்ல அந்த இந்தியா வைஸைத் தூக்கிப் போடு" என்று அங்கே சீனியர்கள் அட்வைஸ் பண்ணுவது இதனால்தான்.

தூக்கிப் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஏனென்றால், அடுத்த படியில் இருக்கும் வைஸ்கள் 200 டாலர் பக்கம் ஆரம்பிக்கின்றன. உச்சியில் இருப்பவை அதைப்போல சில மடங்கு. நம் ஊருக்கு வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்க வரி வேறு. ஒரு நல்ல போன் வாங்குகிற காசு, பாஸ்!

வைஸுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. முள்ளை அசையாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். லீ வுல்ஃப் என்று அமெரிக்காவில் ஒரு ஜாம்பவான் இருந்தார், 1991-ல் இறந்தார். 'ராயல் வுல்ஃப்' என்ற ஃப்ளை இன்றைக்கும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. அவர் வைஸே இல்லாமல், முள்ளை விரலில் பிடித்துக்கொண்டு ஃப்ளை கட்டியவர். அதனால் வைஸ் நல்லதாக இருந்தால் ஃப்ளை தானாக அழகாக வந்துவிடும் என்ற நினைப்பு வேண்டாம். ஆனால் வைஸ் மோசமாக இருந்தால், நல்ல கைக்கும் ஃப்ளை வராது. அதுவும் உண்மை.

ஏன் என்று பார்ப்போம். ஃப்ளை பிரிந்துவராமல் இருக்க, நூலை அது அறுந்துபோகும் எல்லைக்குக் கொஞ்சம் முன்புவரை இழுத்துச் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் முள் தாடைக்குள் லேசாகத் தலை குனிந்தால், கை தானாகவே பயந்து இழுவையைக் குறைத்துவிடும். சுற்று தளரும். அந்த ஃப்ளை மேஜையில் அழகாகத்தான் தெரியும். தண்ணீரில் நாலு தடவை வீசியதும் இறகு அவிழ்ந்து வால் மாதிரித் தொங்கும். மீன் பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். நாள் முழுக்க ஓடையில் நின்றவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

தாடையில்தான் விஷயம் இருக்கு

மலிவு வைஸின் தாடை பெரும்பாலும் மென்மையான இரும்பு. முள்ளின் கம்பியோ அதைவிடக் கடினம். கட்டக் கட்ட, முள் தாடையின் உள்பக்கத்தில் தன் தடத்தைக் குடைந்துவிடும். பெரிய முள் அந்தப் பள்ளத்தில் எப்படியோ உட்கார்ந்துகொள்ளும். சின்ன முள் வழுக்கும். முள் நம்பர் கணக்கே தலைகீழ் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 10-ஐ விட 20 ரொம்பச் சின்னது. 1-க்கு அப்புறம் 1/0, 2/0, 4/0 என்று திரும்பப் பெரிதாகும், அதெல்லாம் கடல் மீனுக்கு. நல்ல வைஸில் தாடையைச் சூடேற்றி முறுக்கேற்றிய எஃகில் செய்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசின் பெரும்பகுதி நியாயமாக இதற்குத்தான் போக வேண்டும். பளபளப்புக்கு இல்லை.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். முள்ளின் வளைவைத் தாடையில் மாட்டி இறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது, ஒடிந்த முள் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நூல் கோக்கும் ஓட்டை இருக்கும் முனையை விரலால் கீழே அழுத்துங்கள். கம்பி வில் மாதிரி வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் வைஸ் பாஸ். கம்பி வளையாமல், முள் மொத்தமாகக் கீழே இறங்கினால் பிடி போதவில்லை.

ஃபெயில் ஆனாலும் உடனே கார்ட்டில் போட்டுவிடாதீர்கள். பாதி நேரம் தப்பு செட்டிங்கில் இருக்கும். லீவரை அழுத்தினால் இறுகும் கேம் வகை வைஸில், முள்ளின் தடிமனுக்கு ஏற்ப முதலில் தாடையின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் லீவர். லீவர் எதிர்ப்பே இல்லாமல் கடைசிவரை போனால் இடைவெளி அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள வேண்டியிருந்தால் இடைவெளி குறைவு. அப்படியே தள்ளினால் தாடை விரியும், இல்லை முள் ஒடியும். முள்ளின் கூர் நுனியைத் தாடைக்குள் ஒளித்துவைக்கிற பழக்கமும் வேண்டாம். கவ்வ வேண்டியது வளைவின் கீழ்ப்பகுதியைத்தான். முள்ளில் இருக்கும் எதிர்முள்ளை நசுக்குவதற்கு வைஸைப் பயன்படுத்துவது இன்னொரு கொடுமை. அதற்கு ஒரு குறடு போதும்.

தாடையில் பள்ளம் லேசாக இருந்தால், மெல்லிய அரத்தால் ஒருமுறை சமன்செய்து பார்க்கலாம். அப்படியும் சின்ன முள் நிற்கவில்லையா? இப்போ மாத்தலாம். தாராளமா.

சுத்துற வைஸ் வேணுமா?

மாத்த முடிவு பண்ணியதும் எல்லோரும் போய் நிற்கும் இடம் 'ரோட்டரி'. ரீல்ஸில் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் உருளுமே, அதுதான். ஃப்ளோரிடாவின் ரென்செட்டி இதில் பெரிய பெயர். இங்கே ஒரு சூட்சுமம். சில வைஸ்கள் தலையைத் திருப்பினாலும் முள் ராட்டினம் மாதிரி மேலும் கீழும் போய்வரும். ஃப்ளையின் அந்தப் பக்கத்தைப் பார்க்க மட்டுமே அது உதவும். நிஜ ரோட்டரியில் முள்ளின் தண்டு சுழலும் அச்சிலேயே நிற்கும். இடத்தைவிட்டு நகராமல் தன்னைத்தானே சுற்றும். இறகையோ ஜரிகை இழையையோ ஒரு கையில் நிதானமாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முள்ளைச் சுற்றினால் சீராக ஏறும். அந்த நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் நூலும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும் என்பதால், பாபினைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்னக் கொம்பு வேண்டும். அது இல்லாத ரோட்டரி பாதி ரோட்டரி.

ஒரே மாதிரி ஃப்ளையை டஜன் கணக்கில் கட்டுபவருக்கும், நீளமான உடம்புள்ள ஃப்ளை கட்டுபவருக்கும் இது நிஜமாகவே நேரத்தை மிச்சம் பிடிக்கும். வாரத்துக்கு நாலு சின்ன ஃப்ளை கட்டுபவர் அந்தக் கைப்பிடியைத் தொடவே மாட்டார் என்பது என் கணிப்பு.

பெரிய முள், சின்ன முள் என்று மாற்றி மாற்றிக் கட்டுபவர்கள் மாசசூசெட்ஸின் ரீகல் வகையைப் பார்க்கலாம். லீவரை அழுத்தினால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங்கே கவ்விக்கொள்ளும், துணிக் கிளிப் மாதிரி. தடிமனுக்குத் தகுந்தபடி செட்டிங் எதுவும் தேவையில்லை. சோம்பேறிகளின் சொர்க்கம். நான் காசு போட்டு வாங்குவதாக இருந்தால் இதைத்தான் வாங்குவேன்.

அடிப்பாகத்தை யாரும் கவனிப்பதில்லை. மேஜை ஓரத்தில் திருகி மாட்டுவது அசையாது, விலையும் குறைவு. ஆனால் உங்கள் மேஜைப் பலகை அதன் வாய்க்குள் நுழைகிறதா என்று அளந்து பாருங்கள். கனமான தட்டின்மேல் நிற்கும் வகையை டைனிங் டேபிள், மொட்டைமாடி என்று எங்கும் வைக்கலாம், டிராவல் பையில்தான் சுமை. எதுவானாலும் தாடை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். குனிந்தே கட்டினால் ரெண்டு மணி நேரத்தில் கழுத்து புகார் கொடுக்கும்.

மொத்தமாகச் செலவு பண்ண ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், என் வரிசையில் வைஸ் முதலில் வராது. நுனிவரை வெட்டும் நல்ல கத்தரிக்கோல், வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு டேபிள் லாம்ப், நூல் வரும் குழாய் செராமிக்கில் இருக்கும் பாபின். மலிவு பாபினின் உலோகக் குழாய் ஓரத்தில் பிசிறு இருந்தால் அது நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், நாம் வைஸைத் திட்டிக்கொண்டிருப்போம்.

செகண்ட் ஹேண்டில் நல்ல பிராண்ட் கிடைத்தால் பயப்பட வேண்டாம். நன்றாகச் செய்த வைஸ் பல வருஷம் உழைக்கும், பல கம்பெனிகள் தாடையைத் தனியாகவும் விற்கின்றன. வாங்கப்போகும்போது பாக்கெட்டில் உங்களிடம் இருப்பதிலேயே சின்ன முள் ஒன்றையும் பெரிய முள் ஒன்றையும் கொண்டுபோங்கள். தாடையை மூடிவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நுனியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் விலையைப் பேச ஆரம்பிக்கலாம்.