உலாவிகளின் போட்டியும் திறந்த தரமுறைகளும்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறிச் செல்வோர் அடையும் எல்லையூர் கம்பம்மெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பொருட்டுக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். தமிழும் மலையாளமும் அங்கே அருகருகே வழங்குகின்றன. முன்னாளில் இத்தகைய எல்லையூர்களில் சரக்கு லாரிகள் வரிச் சாவடியில் நின்று தாள்களைக் காட்டிச் செல்ல வேண்டியிருந்தது. 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் சரக்கு-சேவை வரி அமலுக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. அச்சீட்டை இணையத்தின் வாயிலாகப் பெறலாம். மாணவர் உதவித்தொகை, நிலப் பதிவேடு, ஓய்வூதியம், தேர்வு முடிவு முதலிய பலவும் இன்று இணையத்தை நாடியே பெறப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் வாயிலாக அமைவது உலாவி. வியாபாரியும் தொழிலாளியும் மாணவனும் எந்த உலாவியைக் கொண்டு வந்தாலும் இவ்வாயில் ஒரே வகையாகத் திறக்க வேண்டாமா? அவ்வாறு திறப்பதற்கு எது காரணமாகிறது, திறவாமற் போனதுண்டா, இனியும் அப்படி நேருமா என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உலாவி செய்யும் வேலை

வலைப்பக்கம் என்பது தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து படமாக வருவதில்லை. எழுத்துக்களும், அவற்றினிடையே இடப்பட்ட குறிகளுமே வருகின்றன. 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இங்கே படம்', 'இங்கே விடை எழுதும் கட்டம்' என்று அக்குறிகள் கூறும். இக்குறிமொழியை எச்.டி.எம்.எல். என்பர். அக்குறிகளைப் படித்து, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவதே உலாவியின் வேலை. இவ்வேலையைச் செய்யும் உள்ளுறுப்புக்கு உலாவியின் உட்பொறி என்று பெயர்.

ஆகவே ஒரே பக்கத்தை இரண்டு உட்பொறிகள் இரு வேறு விதமாக வரைந்துவிடக் கூடும். அவ்வாறு நேராதிருக்க வேண்டுமாயின், ஒவ்வொரு குறிக்கும் பொருள் இன்னதென்று பொதுவிதி இருத்தல் வேண்டும். அவ்விதியே தரமுறை. அது எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்தால், பலரும் கூடி அதை வகுத்திருந்தால், உரிமைத் தொகை செலுத்தாமல் எவரும் அதைப் பின்பற்றிக் கருவி செய்யலாமென்றிருந்தால், அது திறந்த தரமுறை எனப்படும்.

நம் நாட்டிற்கு இது புதிய கருத்தன்று. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், ஓர் ஊரில் அளந்த நெல் மற்றோர் ஊரில் அளக்கும்போது குறைந்து போவதுண்டு. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கிலோகிராம் எந்த வியாபாரிக்கும் சொந்தமன்று. ஆதலால் கம்பத்தில் நிறுத்த ஏலம் மலைமேலும் அதே எடையாக இருக்கிறது. வலைப்பக்கத்துக்குத் திறந்த தரமுறை எதுவோ, ஏலத்துக்குக் கிலோகிராம் அதுவே.

முதற் போட்டி

ஐரோப்பிய அணுத்துகள் ஆராய்ச்சி நிலையமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் விஞ்ஞானி 1990-ல் முதல் உலாவியை அமைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம் வலை பற்றிய தன் மென்பொருளை எவரும் கட்டணமின்றி உபயோகிக்கலாமென்று அறிவித்தது. வலை உலகெங்கும் பரவியமைக்கு இவ்வறிவிப்பு பெரியதொரு காரணம். அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி தோன்றியது. அதை அமைத்தோருள் ஒருவரான மார்க் ஆண்டிரீசன் பங்குகொண்டு தொடங்கிய நிறுவனம், 1994 இறுதியில் நெட்ஸ்கேப் நாவிகேட்டரை வெளியிட்டது. விதிகளை வகுக்கும் பொருட்டு, பெர்னர்ஸ்-லீயின் தலைமையில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1994 அக்டோபரில் நிறுவப்பட்டது.

1995 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கொணர்ந்தது. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று முந்தும் நோக்குடன், பொதுவிதியில் இல்லாத குறிகளைத் தத்தம் உலாவியில் சேர்க்கத் தொடங்கின. நெட்ஸ்கேப் மினுக்கும் எழுத்தைக் கொடுத்தது. மைக்ரோசாப்ட் ஓடும் எழுத்தைக் கொடுத்தது. இவை விளையாட்டுப் போலத் தோன்றினாலும், விரைவில் பக்கத்தின் அமைப்பும் செயலுமே இரு வழிப்பட்டன. 'இப்பக்கம் இன்ன உலாவியில் நன்கு தெரியும்' என்ற அறிவிப்புகள் பக்கங்களின் அடியில் காணப்பட்டன.

மைக்ரோசாப்ட் தன் உலாவியை விலையின்றி விண்டோஸுடன் இணைத்துக் கொடுத்தது. அதன்மீது அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தது. வழக்கு முடிவதற்குள் சந்தை நிலை தீர்மானமாகிவிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் பத்துப் பேரில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் எக்ஸ்புளோரரையே உபயோகித்தனர். வென்ற பிறகு நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. 2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. போட்டி மறைந்ததும் வளர்ச்சியும் ஐந்தாண்டுகள் நின்றது.

தமிழ் எழுத்து பட்ட பாடு

இப்போட்டியின் விளைவைத் தமிழ் வாசகர் கண்ணெதிரே கண்டனர். தொண்ணூறுகளில் தமிழ் இணையப் பக்கங்கள், ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களால் ஆக்கப்பட்டன. இதழுக்கு இதழ் எழுத்துரு வேறு. உரிய எழுத்துரு வாசகரின் கணிப்பொறியில் இல்லையெனில், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ரோமன் எழுத்துக்களே திரையில் நிறைந்தன.

இதற்குப் பரிகாரமாக, பக்கத்துடன் எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் முறை 1997-ஐ ஒட்டி வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் ஏற்றது ஒரு வகை. எக்ஸ்புளோரர் ஏற்றது மற்றொரு வகை. ஒன்றின் எழுத்துருக் கோப்பு மற்றதற்குப் பயன்படவில்லை. பின்னர் நெட்ஸ்கேப் புதிய உட்பொறிக்கு மாறியபோது தன் பழைய வகையைக் கைவிட்டது. அம்முறையை நம்பி ஆக்கிய பக்கங்கள் புதிய பதிப்பில் படிக்க முடியாதனவாயின. பக்கத்தை எழுதியவர் பிழை செய்யவில்லை. வாசகரும் பிழை செய்யவில்லை. இருவருக்கும் பொதுவான விதி இல்லாமையே குறை. எல்லா உலாவிகளும் ஏற்கும் 'வாஃப்' என்னும் எழுத்துரு வடிவம் 2012 டிசம்பரில்தான் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று.

குறியெண்களை ஒழுங்குபடுத்தத் தமிழரும் முயன்றனர். இணையத்தில் கலந்து பேசித் தமிழறிஞர்களும் பொறியாளர்களும் திஸ்கி முறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்-99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் முறைகளை அறிவித்தது. இவற்றுக்கு அப்பால், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிக்கோடு முறையில் 1991-லேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் உலாவிகளும் இயங்குதளங்களும் அதைச் சரிவரக் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன.

காரணம் எளிது. 'கொ' என்னும் எழுத்து யூனிக்கோட்டில் ககர மெய்வடிவும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போதோ குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும், மறு பாதி பின்னும் வர வேண்டும். இவ்விதியை அறியாத பழைய உலாவியில் குறிகள் இடம் மாறி நின்றன. மலையாளத்துக்கும் இத்தகைய இடர் உண்டு. 'சில்லு' எனப்படும் மலையாள எழுத்துக்களுக்கு 2008-ல்தான் யூனிக்கோட்டில் தனி எண்கள் கிடைத்தன. அதனால் ஒரே மலையாளச் சொல் பழைய கோப்பில் ஒரு விதமாகவும் புதிய கோப்பில் வேறு விதமாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம். தமிழ்வழி, மலையாளவழி என இரு வகைப் பள்ளிகளும் உள்ள இடுக்கி மாவட்டத்தில் இது ஏட்டளவான பிரச்சினையன்று.

2009 நவம்பரில் மத்திய அரசு, மின்னாளுகைக்குரிய இந்திய மொழிக் குறியேற்றமாக யூனிக்கோடையே அறிவித்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிக்கோடைத் தரமாக ஏற்று, அது இயலாத இடங்களுக்கு டேஸ்-16 என்னும் முறையையும் அறிவித்தது.

ஓர் உலாவியை நம்பியதன் விலை

கேரள அரசுப் பள்ளிகள் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸ் வகை இயங்குதளத்துக்கு மாறலாயின. அவ்வியங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் எக்ஸ்புளோரரை வெளியிட்டதே இல்லை. ஆகவே எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும் பக்கமொன்று, விண்டோஸ் உள்ள அலுவலகத்தில் திறக்கும். மலைமேலுள்ள கேரளப் பள்ளியில் திறவாது. பக்கத்தை அமைத்தவர் எந்தப் பள்ளியையும் விலக்க எண்ணியிருக்க மாட்டார். எனினும் பள்ளி விலக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு நாடு முழுவதுமே இவ்வாறு கட்டுண்டதற்குத் தென் கொரியா சான்று. வலிய மறைகுறி மென்பொருளை அமெரிக்கா ஏற்றுமதி செய்யாதிருந்த தொண்ணூறுகளில், கொரியர் 'சீட்' என்னும் மறைகுறி முறையைத் தாமே அமைத்தனர். உலாவிகளில் அது இல்லாமையால், எக்ஸ்புளோரரில் மட்டும் இயங்கும் ஆக்டிவ்-எக்ஸ் என்னும் இணைப்பின் மூலம் வங்கிப் பணிகளில் புகுத்தினர். அதன்பின் வேறு உலாவியால் வங்கிக் கணக்கைப் பார்ப்பதே அங்கு அரிதாயிற்று. இம்முறைக்கு ஆதாரமாயிருந்த சான்றிதழ் ஏற்பாடு 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. எக்ஸ்புளோரரோ 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. கருவி மறைந்துவிடும்; அதைச் சார்ந்து எழுதியவை எஞ்சி நின்று இடர்ப்படுத்தும்.

இன்றைய விவாதம்

நெட்ஸ்கேப் 1998-ல் தன் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொசில்லா திட்டம் 2004 நவம்பரில் பயர்பாக்ஸைத் தந்தது. 2008 செப்டம்பரில் கூகிளின் குரோம் வெளிவந்தது. இன்று பரவலாக வழங்கும் உட்பொறிகள் மூன்றே: குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், பயர்பாக்ஸின் கெக்கோ. மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020 ஜனவரி முதல் குரோமின் அடிப்படையான குரோமியத்திலேயே இயங்குகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023-ல் தமிழ்ப் பெயரிட்டு வெளியிட்ட 'உலா'வும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதே. மத்திய மின்னணு அமைச்சகம் 2023-ல் அறிவித்த இந்திய உலாவிப் போட்டியில் ஸோஹோ 2025-ல் முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது.

பெயர்கள் பலவாயினும் உட்பொறி ஒன்றாவது நன்மையா, தீமையா என்பதே இன்றைய விவாதம். நிரல் திறந்தது, எவரும் எடுத்தாளலாம், பாதுகாப்புத் திருத்தங்கள் விரைவில் எல்லோருக்கும் கிட்டுகின்றன, பக்கத்தைப் பலமுறை சோதிக்கும் செலவும் குறைகிறது என்பர் ஒரு சாரார். நிரல் திறந்ததாயினும் அது செல்லும் திசையைப் பெரும்பாலும் ஒரு நிறுவனமே தீர்மானிக்கிறது, அந்நிறுவனத்துக்கு விளம்பர வருவாய் முதன்மையானது என்பர் மறு சாரார். 2021-ல் கூகிள், உலாவுவோரை விருப்பத்தின்படி குழுக்களாகப் பிரித்து விளம்பரதாரருக்குக் காட்டும் ஃப்ளாக் என்னும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. பிற உலாவிகளைச் செய்வோர் அதை ஏற்க மறுத்தனர். 2022 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. மறுப்பதற்குப் பிறர் இருந்ததனாலேயே மறுப்பு பலித்தது என்பது கருதத்தக்கது.

இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில், ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தனக்குள்ள வலிமையைப் பிற சந்தைகளிலும் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகிள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாணையில் உலாவிச் சந்தையும் இடம்பெற்றது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, ஆணையின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது.

நம் கடமை

வெல்பவர் யாராயினும், நாம் எழுதுவது ஓர் உலாவிக்காக அன்று, விதிக்காக என்பதை மனத்திற் கொண்டால் பெரும் இடர் நீங்கும். 2010 நவம்பரில் வெளியான மத்திய அரசின் திறந்த தரமுறைக் கொள்கையும் இதையே வலியுறுத்துகிறது. கள ஊழியர்களும் ஆசிரியர்களும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. பழைய எழுத்துருக்களில் உள்ள பாடக்குறிப்புகளையும் பதிவேடுகளையும், மாற்றுக்கருவிகள் கிடைக்கும் இப்போதே யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடுக. மூலக் கோப்பையும் எழுத்துருவையும் உடன் காத்து வைக்க.

2. பக்கமோ படிவமோ ஆக்கினால் இரு வேறு உட்பொறிகளில் சோதிக்க. குரோமிலும் எட்ஜிலும் பார்த்தல் ஒரே சோதனையை இருமுறை செய்வதாகும். குரோமிலும் பயர்பாக்ஸிலும் பார்த்தலே உண்மையான சோதனை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு விலையின்றி அளிக்கும் பக்கச் சோதனைக் கருவி, குறிப் பிழைகளை வரிவரியாகக் காட்டும்.

3. அரசுப் பக்கம் ஏதேனும் ஓர் உலாவியில் மட்டும் திறந்தால், எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் தடைபட்டது என்று குறித்து, உரிய அலுவலகத்துக்கு எழுதுக. அமைப்போருக்கு அத்தகைய குறிப்பே பயன்படும்.

4. வகுப்பில் ஓர் எளிய சோதனை: யூனிக்கோட்டில் 'கொ' என்று தட்டச்சிட்டுப் பின்னழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தச் சொல்க. பெரும்பாலான கணிப்பொறிகளில் இரு பக்கத்துக் குறிகளும் ஒருங்கே மறைந்து 'க' மட்டும் எஞ்சும். கண்ணுக்கு மூன்று உருவாகத் தோன்றுவது பொறிக்கு இரண்டு எண்களே என்பதை மாணவர் இதனால் உணர்வர். அவ்விரண்டு எண்களும் உலகெங்கும் ஒன்றாயிருப்பதால்தான், கம்பத்தில் எழுதிய தமிழ் கம்பம்மெட்டிலும் கனடாவிலும் தமிழாகவே தெரிகிறது.