கம்பியில்லாக் கருவிக்கு இரண்டு முத்திரைகள்

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத்து மாணவர் பலர் கைத்தொலைபேசியுடன் தேயிலைக் குன்றுகளின் உச்சியை நாடிச் சென்றதை நாடறியும். அதன்பின் அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்ட லயங்களிலும் சிம் அட்டை இடும் ரவுட்டர்கள் இடம்பெறலாயின. பிள்ளையின் படிப்பிற்கென வாங்கும் அக்கருவியின் விலை, கொழுந்து பறித்துப் பெறும் பல நாட் சம்பளத்திற்கு ஈடாகும். வாங்கியது வீட்டிலுள்ள தொலைபேசியோடு பொருந்தாவிடின் என் செய்வது?

வானொலிப் பெட்டிக்கு இத்தொல்லை இருந்ததில்லை. அதற்குச் செவி மட்டும் போதும். வைஃபைக் கருவிக்கோ செவியும் வேண்டும், வாயும் வேண்டும். ஒருவர் செய்த ரவுட்டரும் வேறொருவர் செய்த தொலைபேசியும் ஒரே மொழியில் உரையாட வேண்டும். அம்மொழிக்கு 802.11 என்னும் பொது இலக்கணம் 1997இல் வகுக்கப்பட்டது. இலக்கணம் ஒன்றாயினும், அதற்கு நிறுவனத்தார் கொண்ட பொருள் வேறுபடலாமன்றோ? ஆகவே 1999இல் ஆறு நிறுவனங்கள் கூடி, இன்று வைஃபை அலையன்ஸ் என வழங்கும் சங்கத்தை நிறுவின. ஒரு கருவியைப் பிறர் செய்த கருவிகளோடு இணைத்துச் சோதித்து, தேறினால் மட்டுமே அச்சங்கம் தன் முத்திரையை அளிக்கும்.

மற்றொரு முத்திரை நம் நாட்டுடையது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதனை வழங்குகிறது. கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது, எவ்வளவு வலுவோடு அலைகளை விடுகிறது என்பன அங்கே நோக்கப்படும். முன்னையது பொருத்தம், பின்னையது சட்டம். ஒன்றிருந்தால் மற்றது எதற்கு என்பது, சாதகம் பார்த்தாயிற்று, விவாகப் பதிவு எதற்கு என்று கேட்பது போலாகும்!

மத்திய கிழக்கில் பணிபுரியும் உறவினர் அன்போடு கொண்டுவரும் ரவுட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது அந்நாட்டு நிறுவனமொன்றின் சிம் அட்டைக்கே பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது நம் தோட்டத்தை எட்டும் அலைவரிசையை ஏற்காததாகவும் இருக்கலாம். வைஃபை முத்திரை இதற்கு உத்தரவாதமன்று.

முத்திரை பெற்ற புதுக்கருவியும் பழைய தொலைபேசியை ஏற்க மறுப்பதுண்டு. 2020 ஜூலை முதல், முத்திரை நாடும் புதிய கருவிகள் டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறையைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. ரவுட்டரை அம்முறையில் மட்டும் இயங்குமாறு அமைத்துவிட்டால், பழைய தொலைபேசி வாசலிலேயே நிற்கும். பழையதும் புதியதும் கலந்த அமைப்பிற்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மலிவான தொலைபேசிகள் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும்; 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. கருவி பழுதென்று கடைக்கு ஓடுமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடுதல் நன்று.

லயத்தின் சுவர்களை ஊடுருவுவதில் 2.4 அலையே வல்லது. ஆயினும் அடுத்தடுத்த காம்பராக்களில் பல ரவுட்டர்கள் ஒரே தடத்தில் இயங்கினால் யாவர்க்கும் வேகம் குன்றும். ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதாதவை. அயலவர் கலந்து பேசி அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்குச் செலவு ஒரு சதமுமில்லை.