வட்டி தின்ற வயிறு

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே இல்ல. நெஞ்சு எரியுது. ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு கல்லாட்டம் ஆயிடுது."

நாற்பது வயதுப் பெண்மணி. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார், கோளாறு ஏதுமில்லை. நாடியில் பித்தம் ஓங்கியிருந்தது. குன்மத்துக்கு உரிய மருந்து கொடுத்து, புளி, காரம் தள்ளிப் பத்தியமும் சொன்னேன். மூன்று வாரமாகியும் குறையவில்லை. "வீட்டுல ஏதாவது கவலையாம்மா?" என்றேன். கண் கலங்கிவிட்டது.

கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது வாங்கிய கடன் 20,000 ரூபாய். பத்து வட்டி. அதாவது மாதம் 2,000. பதினோரு மாதத்தில் 22,000 கட்டியாகிவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது! இதற்கு எந்தச் சூரணம் கேட்கும்? கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆபத்துக்குப் பணம் கொடுத்தவர்மேல் போலீசுக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்?

"காப்பீட்டு அட்டை இல்லையா?"

"இருக்கு டாக்டர். ஆபரேஷன் அதுல ஆயிடுச்சு. வேலைக்குப் போகாத நாளு, பஸ்ஸு, கூட இருந்தவங்க சாப்பாடு, வீட்டு வாடகை... இதுக்கெல்லாம் அட்டை ஏது?"

அவர் தெருவிலேயே மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. "அது லோன் வாங்கறவங்களுக்கு" என்று சேராமலே இருந்திருக்கிறார். நம்மில் பலர் நினைப்பதும் அதுதான். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியபோதே சேமிப்புதான் முதல் படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பேர், வாரம் ஆளுக்கு 50 ரூபாய். வாரத்துக்கு 750, வருஷத்துக்கு 39,000. அதிலிருந்து உறுப்பினருக்கே கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்தால், அதே 20,000-க்கு 400 ரூபாய். அந்த 400-ம் வெளியே போகாது. குழுவின் பொதுப் பணத்தோடு சேரும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவுக்கு வங்கியும் அடமானம் கேட்காமல் கடன் தரும். நபார்டு வங்கி 1992-ல் தொடங்கி வைத்த ஏற்பாடு இது.

ஒன்று கவனியுங்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நிதி நிறுவனங்களும் 'குழு' என்றே சொல்கின்றன. அங்கே வட்டி கம்பெனிக்குப் போகும். சொந்தக் குழுவிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். "அக்கா பாத்துப்பாங்க" என்று விட்டு உடைந்த குழுக்களின் கதையை என்னிடம் வரும் நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள். தவணை தவறியவளை நடுத்தெருவில் வைத்துத் திட்டுகிற குழுவும் உண்டு. அதுவும் பித்தத்தை ஏற்றும் சமாசாரம்தான்.

அந்தப் பெண்மணி சேர்ந்தார். எட்டாவது மாதம் குழுவில் 20,000 எடுத்து பத்து வட்டிக்காரரின் அசலை அடைத்தார். போன மாதம் மாமியாரின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்திருந்தார்.

"இப்ப தூக்கம் எப்படிம்மா?"

"டிவி ஓடறப்பவே தூங்கிடறேன் டாக்டர்."

குழுக் கடனில் இன்னும் 6,000 பாக்கியாம்.